சத்துப் பொடியை எதில் கரைப்பது?

அறுவை மருத்துவமோ நீண்ட காய்ச்சலோ முடிந்து வீடு திரும்பும் முதியவரின் பையில், மருந்துச் சீட்டோடு புரதப் பொடி டப்பா ஒன்றும் இருப்பது இன்று வழக்கமாகிவிட்டது. அதே வீட்டில், மாலைதோறும் உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்லும் மகன் தனக்கென வேறொரு டப்பா வாங்கி வைத்திருக்கிறான். எந்தப் பொடி நல்லது, எந்த நிறுவனத்தின் பொடி சிறந்தது என்றெல்லாம் நாம் பலரிடம் விசாரிக்கிறோம். ஆனால் வாங்கிய பொடியை எதில் கரைத்துக் கொடுப்பது என்ற கேள்வியை மட்டும் யாரிடமும் கேட்பதில்லை. பால் இருந்தால் பால், இல்லாவிட்டால் வெந்நீர், பார்க்க வந்தவர்கள் பழச்சாறு வாங்கி வந்திருந்தால் அது என்று, கைக்கு எட்டியதில் கலக்கிவிடுகிறோம்.

பொடியை எழுதித் தருபவர் மருத்துவர். அதைக் கரைக்கும் நீர்மத்தைத் தெரிந்தெடுப்பவர் வீட்டில் இருப்பவர். அந்தத் தெரிவைப் பொறுத்து ஒரே பொடி ஒருவருக்கு உணவாகிறது. இன்னொருவருக்கு வீண் செலவாகிறது. வேறொருவருக்குத் தீங்காகவும் முடிகிறது. ஆதலால் டப்பாவைத் திறக்குமுன் நாம் கேட்க வேண்டிய கேள்வி, "எதில் கலந்தால் சுவையாக இருக்கும்?" என்பதன்று, "குடிக்கப் போகிறவர் யார்? அவர் உடலுக்கு என்ன குறை?" என்பதே ஆகும்.

பொடி என்பது யாது?

பால் திரிந்துவிட்டால் கட்டியாய்த் திரண்டதை எடுத்துக்கொண்டு, தெளிந்து நிற்கும் மஞ்சள் கலந்த பச்சை நீரை நாம் கொட்டிவிடுவது உண்டு. 'வே' என்று கடைகளில் விற்கப்படும் புரதப் பொடி அந்த நீரிலிருந்தே பெறப்படுகிறது. மேலை நாடுகளில் பாலாடைக்கட்டித் தொழிற்சாலைகளில் பெருமளவில் மிஞ்சும் இந்த நீரை வடிகட்டிச் செறிவாக்கி உலர்த்தினால் பொடி கிடைக்கிறது. பாலிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ 20 விழுக்காடு இவ்வகையைச் சேர்ந்தது. எஞ்சிய 80 விழுக்காடு, 'கேசின்' எனப்படும் திரளும் புரதம். இவையன்றி சோயா, பட்டாணி முதலியவற்றிலிருந்து எடுக்கப்படும் பொடிகளும் உண்டு.

நம் வீடுகளில் நெடுநாளாய்ப் பழகிய மால்ட் பானங்களை இவற்றோடு சேர்த்து எண்ணுதல் கூடாது. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஹார்லிக் சகோதரர்கள், 1883ஆம் ஆண்டில் தங்கள் மால்ட் பால் பொடிக்குக் காப்புரிமை பெற்றனர். முளைகட்டிய பார்லியும் கோதுமை மாவும் உலர்த்திய பாலும் சேர்ந்த பொடி அது. பால் அதற்குள்ளேயே இருந்தமையால் வெந்நீரில் கரைத்தாலே போதும் என்பதுதான் அதன் தனிச்சிறப்பு. இத்தகைய பானங்களில் மாவும் சர்க்கரையுமே மிகுதி, புரதம் குறைவு. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மத்திய வர்த்தக அமைச்சகம், உணவுச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்ற வகையே வரையறுக்கப்படவில்லை என்று சுட்டி, அப்பெயரின் கீழ் இவற்றை விற்க வேண்டாமென்று இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. எனவே மருத்துவர் புரதப் பொடி எழுதியிருக்க, அதற்குப் பதிலாக மால்ட் பானத்தைக் கொடுத்துவிட்டு மனநிறைவு அடைவது சரியன்று.

தண்ணீர் யாருக்கு?

தண்ணீரில் கரைத்த பொடியில் பொடியின் சத்தைத் தவிர வேறொன்றும் சேர்வதில்லை. அதுவே அதன் நன்மை. அதுவே அதன் குறையும். உடல் பருத்தவர், எடையைக் குறைக்க முயல்பவர், நாள் முழுவதும் பாலும் சோறும் குறைவின்றி உண்டபின் கூடுதலாகப் புரதம் மட்டும் வேண்டுகிற இளைஞர், பால் குடித்தால் வயிறு உப்பி வயிற்றுப்போக்கு காண்பவர் ஆகியோருக்குத் தண்ணீரே தக்கது.

தண்ணீரில் கரைத்த வே புரதம் விரைவில் செரித்து இரத்தத்தில் கலக்கிறது. பாலிலுள்ள கேசினோ இரைப்பையின் புளிப்பில் தயிர்போல் திரண்டு, மெல்ல மெல்லச் செரிக்கிறது. இந்த வேறுபாட்டைப் பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1997இல் தெளிவுபடுத்தினர். விரைவாய்ச் சேர்வதே மேல் என்று விளம்பரங்கள் சொல்லும். ஆனால் சாதாரணக் குடும்பத்தாருக்கு இதனால் பெரிய வேறுபாடு இல்லை. ஒரு நாள் முழுவதும் உண்ணும் புரதத்தின் மொத்த அளவே கணக்கில் முதன்மையானது.

தண்ணீர் என்றால் காய்ச்சி ஆறவைத்த நீரே ஆகட்டும். நோயிலிருந்து எழுந்தவருக்குச் சத்து ஊட்டுவதாய் எண்ணி, தூய்மையற்ற நீரில் கலந்து கொடுத்து வயிற்றுப்போக்கை வரவழைத்தால், ஊட்டிய சத்தைவிட இழந்த சத்து அதிகமாகும்.

பால் யாருக்கு?

மெலிந்துபோன முதியவருக்குப் பொடியை வெறும் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது பெரும்பாலும் பயன் குன்றிய செயலாகிவிடுகிறது. காரணம் எளிது. உடலுக்கு எரிபொருள் வேண்டும். தசையைக் கட்டப் புரதம் வேண்டும். எரிபொருள் போதாதபோது உடல் புரதத்தையே எரித்துவிடுகிறது. அடுப்புக்கு விறகில்லாத வீட்டில் கதவை உடைத்து எரிப்பது போன்றது இது. காலையில் அரை இட்லியும் பகலில் இரண்டு கவளமும் உண்பவர், தண்ணீரில் கரைத்த பொடியை மட்டும் குடித்து வந்தால், விலை கொடுத்து வாங்கிய புரதத்தின் ஒரு பகுதி விறகாகவே போய்விடும். அவருக்குப் பால் ஏற்றது. அதில் புரதமும் உண்டு, கொழுப்பும் உண்டு, சுண்ணாம்புச் சத்தும் உண்டு.

எந்தப் பால்? 200 மில்லி டோன்டு பாலில் ஏறத்தாழ 6 கிராம் கொழுப்பும் 6 கிராம் புரதமும் உள்ளன. அதே அளவு முழுக்கொழுப்புப் பாலில் கொழுப்பு 12 கிராம். மெலிந்தவருக்கு முழுக்கொழுப்புப் பால் நல்லது. இருதய நோயோ கொழுப்பு மிகுதியோ உடையவருக்கு டோன்டு பாலோ அதனினும் கொழுப்புக் குறைந்த பாலோ போதும். எந்தப் பாலானாலும் காய்ச்சியே பயன்படுத்துவது நம் தாய்மார் அறிந்ததே.

பால் ஒவ்வாத பெரியவர்கள் தென்னாட்டில் பலர் உள்ளனர். பாலிலுள்ள 'லாக்டோஸ்' என்னும் சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல், குழந்தைப் பருவம் கடந்தபின் பலருக்குக் குறைந்துவிடுகிறது. ஒரு தம்ளர் பாலில் ஏறத்தாழ 9 முதல் 10 கிராம் லாக்டோஸ் உண்டு. வே பொடியிலும் 'கான்சன்ட்ரேட்' என்று அச்சிடப்பட்ட வகையில் அது ஓரளவு இருக்கும். 'ஐசொலேட்' என்ற வகையில் மிகக் குறைவு. பொடி குடித்தபின் வயிறு இரைந்தால், பொடியே கெட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன், பாலை நிறுத்தித் தண்ணீரில் கலந்து பார்க்கலாம். ஆனால் பால் பட்டதும் தோல் தடித்து, முகம் வீங்கி, மூச்சு முட்டுமாயின் அது பால் புரதத்துக்கே உண்டான ஒவ்வாமை. அத்தகையோர் வே பொடியையே தொடலாகாது.

இப்போது கடைகளில் பாதாம் பால் முதலியனவும் விற்கப்படுகின்றன. பெயரில் பால் இருந்தாலும் அவற்றில் புரதம் மிகச் சொற்பம். தேங்காய்ப் பாலில் கொழுப்பு மிகுதி, புரதம் குறைவு. பசும்பாலோடு ஓரளவு ஒப்பிடத்தக்க புரதம் சோயாப் பாலில்தான் உண்டு.

மோரும் கஞ்சியும்

பால் ஒவ்வாத பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்கின்றன. உறையிடும்போது நுண்ணுயிர்கள் லாக்டோஸில் ஒரு பகுதியைப் புளிப்பாக மாற்றிவிடுவதே காரணம். சுவையூட்டாத பொடியாயின், புளிக்காத மோரில் கலந்து சிறிது சீரகமும் கறிவேப்பிலையும் சேர்த்துக் கொடுத்தால், இனிப்பை வெறுக்கும் நோயாளியும் குடித்துவிடுவார். இரத்த அழுத்தம் உடையவருக்கு உப்பை மட்டும் அடக்க வேண்டும். நீர்மோரில் தண்ணீரே மிகுதி என்பதால், மெலிந்தவருக்குக் கெட்டியாய்க் கடைந்த தயிரே மேல்.

கஞ்சியை நாம் மறந்துவிட்டோம். அரிசியும் பாசிப்பருப்பும் சேர்த்துக் குழைய வேகவைத்த கஞ்சியிலோ கேழ்வரகுக் கூழிலோ, இறக்கி ஆறியபின் பொடியைக் கலந்து கொடுக்கலாம். எரிபொருளும் புரதமும் ஒரே கிண்ணத்தில் சேர்ந்துவிடுகின்றன. மெல்லப் பல்லில்லாத முதியவருக்கு இதைவிடப் பொருத்தமானது அரிது. பருப்பு வேகவைத்த நீரை மட்டும் வடித்துக் கொடுத்து, அதில் சத்தெல்லாம் இறங்கிவிட்டதாய் நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புரதம் பருப்பில்தான் தங்குகிறது. நீரில் இறங்குவது சொற்பமே. பருப்பையும் மசித்துச் சேர்ப்பதே முறை.

பழச்சாறும் இளநீரும்

நோயாளியைக் காண வருவோர் பழச்சாறும் இளநீரும் கொண்டு வருவது அன்பின் அடையாளம். எனினும் பொடியைக் கரைக்க அவை எல்லாருக்கும் ஏற்றவையல்ல. ஒரு தம்ளர் ஆரஞ்சுச் சாற்றில், வெளியிலிருந்து சேர்க்காமலே, ஏறத்தாழ நான்கு தேக்கரண்டி சர்க்கரைக்கு ஈடான இனிப்பு உண்டு. பழத்தைத் தின்றால் நாரும் சேர்ந்து உள்ளே போகும். சாற்றில் அதுவும் இல்லை. நீரிழிவு நோயாளிக்கு இதில் பொடியைக் கரைத்துக் கொடுப்பது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பதாகும். வெல்லமும் தேனும் சர்க்கரைக்கு மாற்று என்று எண்ணுவதும் தவறு. இரத்தத்தில் அவையும் சர்க்கரையே.

இன்னொரு சங்கடமும் உண்டு. எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற புளிப்புச் சாறுகளில் கேசின் கலந்த பொடியைப் போட்டால், பாலில் எலுமிச்சை பிழிந்ததுபோல் திரிந்துவிடும். அதனால் தீங்கு ஒன்றுமில்லை. ஆனால் அதைக் குடிக்க நோயாளிக்கு மனம் வராது.

இளநீர் குளிர்ச்சியானது, எல்லாருக்கும் நல்லது என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமானது. சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு அதுவே ஆபத்தானது. 100 மில்லி இளநீரில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் அல்லது அதற்கும் மேல் பொட்டாசியம் உண்டு. பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற இயலாது. இரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும், நின்றுவிடவும் கூடும்.

மருத்துவர் சொல்லாமல் கூடாதவர்கள்

சிறுநீரக நோயாளிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சிறுநீரகம் பழுதாகி, இன்னும் டயாலிசிஸ் தொடங்காதவருக்குப் புரதத்தைக் குறைக்குமாறு மருத்துவர் சொல்வது வழக்கம். "ஆள் இளைத்துவிட்டாரே" என்று இரக்கப்பட்டு உறவினர் பொடி வாங்கிக் கொடுப்பது அவருக்குச் சுமையாகும். டயாலிசிஸ் தொடங்கியபின் நிலைமை நேர்மாறாகிறது. அச்சிகிச்சையின்போது புரதச் சத்து வெளியேறுவதால், உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டியிருக்கிறது. ஆனால் அப்போது தண்ணீருக்கே கட்டுப்பாடு வந்துவிடுகிறது. பொடியைக் கரைக்கும் ஒவ்வொரு மில்லியும், அது தண்ணீரானாலும் பாலானாலும், அன்றைய அளவில் கழிக்கப்பட வேண்டியது. பாலிலும் பொட்டாசியமும் பாஸ்பரசும் உள்ளன. ஆகவே இவர்களுக்கு எந்தப் பொடி, எந்த நீர்மம், எத்தனை மில்லி என்ற மூன்றையும் சிறுநீரக மருத்துவரிடமோ மருத்துவமனையின் உணவியல் வல்லுநரிடமோ எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இதயம் தளர்ந்து கால் வீங்கியவருக்கும் நீர்மத்தின் அளவு முக்கியமானதே.

அடுத்து, பக்கவாதத்தால் விழுங்கும் ஆற்றல் குன்றியவர்கள். நம் எண்ணத்துக்கு மாறாக, இவர்களுக்குத் தண்ணீர்போல் மெல்லியதே மிக அபாயமானது. அது தொண்டையில் விரைந்தோடி, உணவுக்குழலுக்குப் பதில் மூச்சுக்குழலில் இறங்கி, நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். குடிக்கும்போது இருமுவதும், குடித்தபின் குரல் கரகரப்பதும் அதன் அறிகுறிகள். இத்தகையோருக்குக் கூழ் பதத்தில் கெட்டியாய்க் கலந்து, நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு கரண்டியால் நிதானமாய் ஊட்ட வேண்டும். எவ்வளவு கெட்டி என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். படுத்த நிலையில் வாயில் ஊற்றுதல் ஒருபோதும் ஆகாது.

ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும். பெரியவர்களுக்கான புரதப் பொடியைச் சிசுக்களுக்கு எந்த நீர்மத்திலும் கரைத்துக் கொடுத்தல் கூடாது. அவர்களுடைய சிறுநீரகம் அச்சுமையைத் தாங்காது.

மாத்திரையும் கோப்பையும்

காலைப் பானத்தோடு மாத்திரைகளையும் ஒரே மூச்சில் விழுங்கச் செய்வது நம் வீடுகளில் காணும் வழக்கம். இது எல்லா மாத்திரைகளுக்கும் பொருந்தாது. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே பிறவற்றை உட்கொள்ள வேண்டும். பாலும் சோயாவும் அம்மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். இரத்தசோகைக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பாலோடும் தேநீரோடும் கொடுத்தால் பயன் பாதியாகிவிடும். சிப்ரோஃப்ளாக்சசின், டெட்ராசைக்ளின் போன்ற கிருமிக்கொல்லி மருந்துகள் பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு பிணைந்து வீணாகும். நடுக்குவாத நோய்க்குத் தரும் லெவோடோபா மருந்தோடு புரதமே போட்டியிடும். ஆதலால் அதையும் பொடிப் பானத்தையும் ஒரே வேளையில் கொடுத்தலாகாது. மருந்துச் சீட்டைக் காட்டி மருந்தாளுநரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் இத்தனை குழப்பமும் தீரும்.

நம் குடும்பங்களில் எழும் வேறொரு கேள்வியும் உண்டு. "தண்ணீரில்தானே கரைத்தோம், திருப்பலிக்கு முன் குடித்தால் நற்கருணை நோன்பு முறியுமா?" என்று சிலர் கேட்கின்றனர். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 919ஆம் எண், நற்கருணை உட்கொள்வதற்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பிருந்து உணவையும் பானத்தையும் விலக்கச் சொல்கிறது. தண்ணீருக்கும் மருந்துக்கும் விலக்கு அளிக்கிறது. பொடி கலந்தபின் அது வெறும் தண்ணீராக எண்ணத்தக்கதன்று, உணவே. எனவே உடல்நலமுள்ள இளைஞர் பொடிப் பானத்தை முன்னதாகவே குடித்துவிடலாம், அல்லது திருப்பலிக்குப் பின் குடிக்கலாம். ஆனால் அதே சட்டம், முதியோரும் நோயுற்றோரும் அவர்களைப் பராமரிப்போரும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏதேனும் உட்கொண்டிருந்தாலும் நற்கருணை பெறலாம் என்று கூறுகிறது. ஆகையால் நோயுற்ற பாட்டியைக் காலை முழுவதும் பட்டினி போட்டுக் கோயிலுக்கு அழைத்துச் செல்லத் தேவையில்லை.

கலக்கும் முறை

சூடான பாலில் பொடியைக் கொட்டினால் கட்டி தட்டுகிறது. ஏனெனில் வே புரதம் 70 பாகை செல்சியசு வெப்பத்தையொட்டி உருமாறித் திரளத் தொடங்கும். பொடியின் வெளிப்புறம் உடனே பசைபோலாகி, உள்ளே ஈரம் புகாமல் தடுத்துவிடுகிறது. சூட்டினால் சத்து அழிந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. முட்டையை அவித்தால் அதன் புரதம் அழிவதில்லை. வடிவம் மாறுகிறது, அவ்வளவே. தொல்லையெல்லாம் கட்டியும் சுவையும்தான்.

கேழ்வரகு மாவைக் கரைக்க நம் தாய்மார் கையாளும் முறையே இதற்கும் தீர்வு. முதலில் ஆறிய நீரிலோ பாலிலோ நான்கைந்து கரண்டி எடுத்து, பொடியை அதில் குழைத்துப் பசையாக்க வேண்டும். பின்பு, விரல் பொறுக்கும் இளஞ்சூட்டிலுள்ள மீதி நீர்மத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்கினால் கட்டியே இராது. அளவுக்கு டப்பாவினுள் இருக்கும் கரண்டியையே பயன்படுத்த வேண்டும். அது உலர்ந்திருக்க வேண்டும். மூக்குக் குழாய் வழியே உணவு பெறுபவருக்கு, மருத்துவமனையில் கற்றுத் தந்த அளவில் கரைத்து, வடிகட்டியே செலுத்த வேண்டும். கலந்த பானத்தை உடனே பருகிவிடுவது நலம். காலையில் கலந்து பிளாஸ்கில் ஊற்றி மாலை வரை வைத்திருந்தால், அந்த இளஞ்சூட்டில் நோய்க்கிருமிகள் பெருகும்.

அளவிலும் கவனம் வேண்டும். பசி மந்தித்த முதியவருக்குச் சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்பு பெரிய தம்ளர் நிறையக் கொடுத்தால், அவர் சோற்றை ஒதுக்கிவிடுவார். பொடி உணவோடு கூட வேண்டியது. உணவைத் துரத்த வேண்டியதன்று. ஆகவே 150 மில்லி அளவில், இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு இடையில் கொடுப்பது சிறந்தது.

பொடி இன்றியும் ஆகுமா?

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், உடல்நலமுள்ள பெரியவர்களுக்கு எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்று 2020இல் பரிந்துரைத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறத்தாழ 50 கிராம். முதியோருக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்பது முதுமை மருத்துவ வல்லுநர் பலரின் கருத்து. அதாவது 60 முதல் 72 கிராம். அதை நம் அடுக்களையிலேயே கணக்கிட்டுப் பார்ப்போம். இரண்டு தம்ளர் பாலில் 12 கிராம்; ஒரு முட்டையில் 6; சாம்பாரில் சேரும் 30 கிராம் பருப்பில் 6; 30 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 6; 100 கிராம் மீனில் 18; நாள் முழுவதும் உண்ணும் 200 கிராம் அரிசியில் 15. ஆக மொத்தம் 63 கிராம். டப்பா இன்னும் திறக்கப்படவில்லை.

ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை காசநோயாளிகளின் குடும்பங்களிடையே பெரியதோர் ஆய்வு நடந்தது. நோயாளிகளுக்கு மாதந்தோறும் வழங்கப்பட்டவை அரிசி, பருப்பு வகை, பால் தூள், எண்ணெய் போன்ற எளிய பொருள்களே. வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் கூடுதலாய் உணவுப் பொருள் வழங்கப்பட்ட குடும்பங்களில், அவர்களுக்குப் புதிதாய்க் காசநோய் தோன்றுவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது என்று 2023இல் அறிவிக்கப்பட்டது. எளிய உணவின் ஆற்றலுக்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இளைஞர்களுக்கும் ஒன்று சொல்வோம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், தசை வளர்ப்பதற்காகப் புரதப் பொடிகளை உட்கொள்வதைத் தவிர்க்குமாறு கூறியுள்ளது. அவற்றில் பல சர்க்கரையும் செயற்கைச் சுவையூட்டிகளும் கலந்தவை என்பதையும் சுட்டியுள்ளது. அதே ஆண்டில் கேரளத்து மருத்துவர்கள் இந்தியச் சந்தையிலுள்ள 36 பொடிகளைச் சோதித்தபோது, ஏறத்தாழ 70 விழுக்காட்டுப் பொடிகளில் புரத அளவு பற்றிய விவரம் உண்மைக்கு மாறாக இருந்தது. சிலவற்றில் பூஞ்சை நஞ்சும் காணப்பட்டது. தசை வளர்வது உழைப்பாலும் உறக்கத்தாலும் போதிய உணவாலும். எதில் கலந்து குடித்தாலும் பொடி மட்டும் அதைச் செய்துவிடாது.

ஆயினும் பொடியே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. பல்லிழந்து, பசியிழந்து, படுக்கையில் கிடக்கும் முதியவர் சுண்டலையும் மீனையும் உண்ண இயலாதபோது, மருத்துவர் எழுதித் தரும் பொடி உண்மையிலேயே கைகொடுக்கிறது. அப்போது நாம் நினைவில் கொள்ள வேண்டியவை சில. மெலிந்தவருக்குப் பாலும் கஞ்சியும். பருத்தவருக்கும் பால் ஒவ்வாதவருக்கும் தண்ணீர். நீரிழிவு உடையவருக்குச் சாறும் இனிப்பும் விலக்கு. விழுங்க முடியாதவருக்குக் கூழ் பதம். சிறுநீரக நோயாளிக்கு மருத்துவரின் எழுத்து.

இவற்றையெல்லாம் டப்பாவின் மேலுள்ள சிறு எழுத்துகள் நமக்குச் சொல்லமாட்டா. குடிப்பவரின் முகத்தையும், அவர் தட்டில் மீதம் வைத்த சோற்றையும், அவருடைய மருந்துச் சீட்டையும் பார்த்தறியும் வீட்டாருக்கே அவை புலப்படும். அடுத்த முறை டப்பாவைக் கையிலெடுக்கையில், கரண்டியைப் பொடிக்குள் விடுமுன், குடிக்கப் போகிறவரிடமே ஒரு நிமிடம் அமர்ந்து, நேற்றுக் குடித்தது வயிற்றுக்கு ஒத்துக்கொண்டதா, விழுங்க எளிதாயிருந்ததா, பிறகு சாப்பிடப் பசித்ததா என்று கேட்போமாக. எதில் கரைப்பது என்பதற்கு விடை அங்கிருந்தே கிடைக்கும்.